சார், இன்னும் முக்கால் மணி நேரம் வேணும்

இந்தக் கட்டுரை ஒரு போல்ட், ஒரு வாஷர், ஒரு லக் பற்றியது. ஓடிடாதீங்க. இதில் ஒரு இடத்தில் நான் செய்த தப்பு ஒன்று வருது, அதுக்காகவாவது கடைசி வரைக்கும் படிங்க.

முதலில் ஒரு ஒப்புதல். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். "கடத்தி" என்று யாராவது சொன்னால் ஒரு செகண்ட் யோசித்த பிறகுதான் கண்டக்டர் என்று புரியும். அதனால் என் தமிழ் அங்கங்கே தடுமாறும். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்க. நான் படித்த இங்கிலீஷும் ஒர்க் ஷாப்புக்குள் போனதும் உதவவில்லை. போன லீவில் இன்டர்ன்ஷிப் போன முதல் நாளே ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டார்: "தம்பி, டி.எஸ்.எல். பார்த்திருக்கியா?" நான் இன்டர்நெட் கனெக்ஷன் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் மேலே கை காட்டினார். முப்பது அடி உயரத்தில் கிரேன் ஓடும் கர்டர் ஓரமாக, ஆரஞ்சு நிறத்தில் நாலு கோடுகள் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போயிருந்தன. டவுன் ஷாப் லீட்ஸ். அதுதான் டி.எஸ்.எல். நாலு வருஷம் ட்ரிபிள் ஈ படித்தவன், அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கு. அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அதன் சாட்சியாகக் கிடைத்த கல்லான சிப்பிகளை வாரணவாசி மியூசியத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லை நம்பித்தான் 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. ஆலத்தியூர், கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், தளவாய் என்று சுற்றிலும் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. பெரம்பலூர் பக்கம் வந்தால் எறையூரில் சர்க்கரை, நாரணமங்கலத்தில் டயர். இந்த மாதிரி ஆலை எதை எடுத்தாலும், தூக்க முடியாத வெயிட்டைத் தூக்க ஒரு கிரேன் எங்காவது இருக்கும். கிரேன் இருந்தால் அதுக்குக் கரண்ட் போக ஒரு வழி வேண்டும். அந்த வழியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வழி தொடங்குகிற ஒரே ஒரு இடத்தைப் பற்றி.

கலெக்டர் என்றால் யார்?

கிரேன் நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்கிற ஒன்றுக்கு நேராக ஒயர் கட்ட முடியாது. அதனால் ஷெட் நீளத்துக்கும் கண்டக்டர் கம்பிகளை நிலையாக வைத்துவிட்டு, கிரேனிலிருந்து ஒரு கை நீட்டி அதை உரசிக்கொண்டே போக வைப்பார்கள். அந்தக் கைக்குப் பெயர் கலெக்டர். (பெரம்பலூரில் கலெக்டர் வேறு ஒருத்தர், குழப்பிக்காதீங்க.) பழைய ஷெட்களில் இந்தக் கம்பி மூடியே இருக்காது. இரும்பு ஆங்கிளைப் பீங்கான் இன்சுலேட்டரில் நிறுத்தி, அதில் நேராக 415 வோல்ட்டை விட்டிருப்பார்கள். ஏணி வைத்து ஏறுகிறவர் கை தவறினால் கதை முடிந்தது. இன்றைக்கும் சில இடங்களில் அப்படித்தான் இருக்கு.

அதுக்கு மாற்றாக வந்ததுதான் மூடிய ரெயில். செம்புப் பட்டையைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, அடியில் மட்டும் ஒரு மெல்லிய பிளவு விட்டிருப்பார்கள். கலெக்டரின் கார்பன் பிரஷ் அந்தப் பிளவு வழியாகத்தான் உள்ளே போகும். விரல் போகாது. பிளவு கீழ்நோக்கி இருப்பதால் மேலேயிருந்து விழும் தூசியும் தண்ணியும் சுலபமாக உள்ளே போகாது. மூன்று ஃபேஸுக்கு மூன்று ரெயில், எர்த்துக்கு ஒன்று.

இப்போது கேள்வி. தரையில் இருக்கும் பேனலிலிருந்து வரும் கேபிள், இந்த ரெயிலோடு எங்கே சேருகிறது? அந்த இடத்துக்கு ஃபீட் பாயின்ட் என்று பெயர். ஒரு சின்னப் பெட்டி, கேபிள் நுழைய ஒரு கிளாண்ட், கேபிள் முனையில் லக், லக்கை ரெயிலோடு பிடிக்கும் போல்ட். இது ஃபேக்டரியிலேயே செய்து வராத பகுதி. ஏணியில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் கையால் செய்கிற பகுதி. ரெயிலைப் பிரசவித்த கம்பெனி எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், கடைசியில் கிரேனின் உயிர் அந்த மனுஷன் கையில்தான் இருக்கு.

வெயில் ஏறினால் நிற்கும் கிரேன்

நான் போன இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு கிரேன் காலையில் ஒழுங்காக ஓடும், மதியம் லோடு ஏறும்போது ட்ரிப் ஆகி நிற்கும். பத்து நிமிஷம் விட்டால் மறுபடி ஓடும். கலெக்டரை மாற்றினார்கள். பிரஷ்ஷை மாற்றினார்கள். ஓவர்லோடு ரிலேவை மாற்றினார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று ஃபேஸிலும் 415 சரியாக இருக்கு. எல்லாரும் மோட்டாரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஐ.டி.ஐ. முடித்தவர், கான்ட்ராக்டில் இருப்பவர். அவர் மோட்டார் பக்கமே போகவில்லை. ஷட்டவுன் கேட்டு, ஏணி போட்டு ஃபீட் பாயின்ட் பெட்டியைத் திறந்தார். நடு ஃபேஸ் லக் கறுத்துப்போய், பக்கத்தில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. காரணம் ஒரு வாஷர். ஒரு ரூபாய் பெறாத இரும்பு வாஷர். முன்னாடி யாரோ அவசரத்தில், லக்குக்கும் ரெயிலுக்கும் நடுவில் அதைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். லக் நேராகச் செம்பின் மேல் உட்காரணும், வாஷர் வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் வரணும். இடம் மாறியதால் மொத்தக் கரண்டும் இரும்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் ராத்திரி ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிரேன் 60 ஆம்பியர் இழுக்குது, அந்த ஜாயின்ட்டில் 5 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வையுங்கள். வோல்டேஜ் எவ்வளவு குறையும்? வெறும் 0.3 வோல்ட். 415-ல் 0.3 குறைந்தால் எந்த மீட்டரில் தெரியும்? ஆனால் வெப்பம்? கரண்ட் ஸ்கொயர் இன்ட்டூ ரெசிஸ்டன்ஸ், 18 வாட். நம்ம லேபில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, நாள் முழுக்க ஆனில் விட்ட மாதிரி. சூட்டில் போல்ட் தளரும், தளர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், கூடினால் சூடு இன்னும் ஏறும். ஒரு கட்டத்தில் அந்த ஃபேஸ் விட்டுவிட்டு வரும், மோட்டார் இரண்டு ஃபேஸில் திணறும், ரிலே ட்ரிப் ஆகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கணக்கை இரண்டாம் வருஷத்திலேயே நான் போட்டிருக்க முடியும். ஃபார்முலா பன்னிரண்டாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் ஒரு ஜாயின்ட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் இருக்கும் என்று எந்தப் பிராப்ளத்திலும் கொடுத்ததில்லை. நம்ம சர்க்யூட் டயக்ராமில் ஜாயின்ட் என்றால் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளிக்கு ரெசிஸ்டன்ஸ் சைபர். கல்யாணப் பத்திரிகையில் "இணைவு" என்று போடுகிற மாதிரி, சேர்ந்துட்டாங்க, அவ்வளவுதான். அப்புறம் நடக்கிறதெல்லாம் நம்ம சிலபஸ் இல்லை.

இப்போது என் தப்பு

கேபிள் முனை வெந்து போயிருந்ததால் வெட்டிவிட்டுப் புதுசாக லக் போட வேண்டியிருந்தது. அண்ணன் என்னிடம் டேப் கொடுத்து, "தம்பி, எந்தக் கோர் எந்த ரெயிலுக்குப் போகுதுன்னு கழட்டும்போதே ஒட்டி வை" என்றார். கலர் இருக்கேண்ணே என்றேன். "கலரை நம்பாத, முன்னாடி போட்டவன் கலர் பார்த்துத்தான் போட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் ஒட்டினேன். நடுவில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு போட்டோ எடுத்தேன். மறுபடி ஒட்டினேன்.

லக் போடும்போதும் ஒரு அறிவாளித்தனம் செய்தேன். கையில் கிடைத்த லக் கொஞ்சம் சின்னது, கேபிள் நுழையவில்லை. "நாலு இழையை நறுக்கிடலாமேண்ணே?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ரோடு நாலு வழியா இருந்து என்ன பிரயோஜனம், திருமாந்துறை டோல்கேட்ல ஒரே கவுண்டர் திறந்திருந்தா?" என்றார். சரியான அளவு லக் ஸ்டோரிலிருந்து வர இருபது நிமிஷம் ஆனது.

கீழே ஷிப்ட் என்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். நம்மை மாதிரி பி.இ. முடித்து இரண்டு வருஷம் ஆனவர், நல்லவர். ஷட்டவுன் பேப்பரில் அவர்தான் அரை மணி நேரம் என்று எழுதியிருந்தார். அவருக்கு மேலே ஒருத்தர் போன் போட்டுக்கொண்டே இருந்தார். "முடிஞ்சுதா, முடிஞ்சுதா?" அண்ணன் மேலேயிருந்து சொன்னார்: "சார், இன்னும் முக்கால் மணி நேரம் வேணும்." என்ஜினியர் முகத்தைப் பார்க்கணுமே. "ஒரு லக் மாத்த எதுக்கு இவ்ளோ நேரம்? நட்டை முடுக்கி விட்டுட்டு இறங்குங்க, மீதியை ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

அண்ணன் பதில் பேசவில்லை, வேலையைச் செய்தார். டார்க் ரெஞ்சில் முடுக்கி, பெயின்ட் மார்க் போட்டு, கேபிள் வெயிட் லக்கில் தொங்காமல் கிளாம்ப் அடித்து, மெகர் பார்த்து, மூடினார். சப்ளை கொடுத்ததும் ஆபரேட்டரை விலகச் சொல்லிவிட்டு, கொக்கியை வெறுமையாக நடு உயரத்தில் வைத்து, பெண்டன்ட்டில் "மேலே" பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டினார்.

கொக்கி கீழே இறங்கியது.

இரண்டு கோரில் நான் டேப்பை மாற்றி ஒட்டியிருந்தேன். இரண்டு ஃபேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், இது நமக்கெல்லாம் தெரிந்த இரண்டு மார்க் கேள்வி. ஆனால் அது கிரேனில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா? பல கிரேன்களில் கொக்கி உச்சிக்குப் போனால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச், "மேலே" போகிற கன்ட்ரோல் சர்க்யூட்டில்தான் இருக்கும். ஃபேஸ் மாறிவிட்டால் ஆபரேட்டர் "கீழே" அழுத்துவார், கொக்கி மேலே போகும், லிமிட் சுவிட்ச் அடிபட்டும் சர்க்யூட் துண்டிக்காது. பதற்றத்தில் அவர் இன்னும் அழுத்துவார். கொக்கி டிரம்மில் இடித்தால் ரோப் அறுந்து மொத்தமும் கீழே விழும். அடியில் ஆள் நிற்கும் ஷெட் அது.

அண்ணன் ஒன்றுமே சொல்லவில்லை. திரும்ப ஆஃப் செய்து, பூட்டு போட்டு, ஏணி ஏறி, இரண்டு கோரை மாற்றினார். இன்னொரு இருபது நிமிஷம். இறங்கி வந்து என் முதுகில் தட்டி, "டீ சாப்பிடலாம் வா" என்றார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு தட்டு டெஸ்ட்டும் அவர் கேட்ட முக்கால் மணி நேரத்துக்குள் அடக்கம். "முடுக்கி விட்டுட்டு இறங்குங்க" என்பதை அவர் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. நான் சொல்ல வந்தது இதுதான்: நமக்குக் கணக்கு தெரியும், வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. ஆனால் அந்த நேரத்தைப் பேப்பரில் எழுதப்போவது நாம்தான்.

மூடினால் மட்டும் போதுமா?

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1895-ல் சென்னையில் எலக்ட்ரிக் டிராம் வந்தது, இந்தியாவிலேயே முதலில். அப்போது மேலே ஒயர் கிடையாது. ரோட்டுக்கு அடியில் ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் கண்டக்டரை வைத்து, ரோட்டில் ஒரு பிளவு மட்டும் விட்டார்கள். டிராமிலிருந்து ஒரு கை அந்தப் பிளவு வழியாக இறங்கிக் கரண்ட் எடுக்கும். நம்ம டி.எஸ்.எல். ரெயிலைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. பார்க்க அழகு, தொட்டால் ஷாக் இல்லை. ஆனால் நம்ம ஊர் மழைக்காலம் யாரிடம் கேட்டுக்கொண்டு வருது? பள்ளத்தில் தண்ணி நிரம்பியது. கடைசியில் அதைக் கைவிட்டு மேலே ஒயர் கட்டினார்கள். அந்த டிராம் 1953 வரைக்கும் மேல் ஒயரில்தான் ஓடியது.

மறைத்து வைப்பது வேறு, காப்பது வேறு. இன்றைக்கு ரெயில் கேட்டலாக்கில் "ஐ.பி. 23" என்று போட்டிருந்தால், முதல் எண் 2-க்கு அர்த்தம் விரல் போகாது என்பது. இரண்டாவது எண் 3-க்கு அர்த்தம், சாய்வாகத் தெளிக்கிற தண்ணியைத் தாங்கும் என்பது. தூசியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. முதல் எண் 5 வந்தால்தான் தூசிக் கணக்கே ஆரம்பிக்கும். அரியலூர்ப் பக்கம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தூசி என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் சிமென்ட் தூசி சும்மா இருக்காது, ஐப்பசி ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். ஃபீட் பாயின்ட் பெட்டியில் பயன்படுத்தாத ஒரு கிளாண்ட் ஓட்டையை அடைக்காமல் விட்டால் போதும், ஒரு மழைக்காலத்தில் உள்ளே சுவரே எழும்பிவிடும். கேபிளும் மேலேயிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கக் கூடாது. கொஞ்சம் கீழே தொங்கி, வளைந்து, அடியிலிருந்து நுழையணும். அப்போதுதான் கேபிள் வழியாக ஓடி வரும் தண்ணி வளைவிலேயே சொட்டிவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க எந்தப் பேராசிரியரும் வேண்டாம், கூரை வீட்டில் இருந்தவர்களுக்கே தெரியும்.

வெயிலும் ஒரு கணக்கு. செம்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.017 மி.மீ. நீளும். 100 மீட்டர் ரெயில், விடியற்காலைக்கும் தகரக் கூரைக்கு அடியில் மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், 51 மி.மீ. ஐந்து சென்டிமீட்டர்! இரும்பு கர்டர் அதைவிடக் குறைவாகத்தான் நீளும், பிளாஸ்டிக் கூடு அதிகமாக நீளும். மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் இடத்தில் கேபிளை விறைப்பாகக் கட்டி வைத்தால், தினமும் அது போல்ட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஃபீட் பாயின்ட்டில் கேபிளுக்குக் கொஞ்சம் தொய்வு விடணும்.

எந்த இடத்தில் ஃபீட் கொடுப்பது என்பதும் நம்ம முடிவுதான். ஒரு முனையில் கொடுத்தால், மறுமுனையில் கிரேன் நிற்கும்போது முழு நீளத்துக்கும் வோல்டேஜ் குறையும். நடுவில் கொடுத்தால் அது பாதி. இரண்டு முனையிலும் கொடுத்தால் கால் பங்குதான். பேப்பரில் பார்த்தால் இரண்டு முனை ஃபீட் சூப்பர். ஆனால் மெயின்டனன்ஸ் அன்றைக்கு ஒரு முனையை ஆஃப் செய்துவிட்டு "லைன் டெட்" என்று நம்பி ஏணி ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். மறுமுனையிலிருந்து 415 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும். டிசைனில் வோல்டேஜ் டிராப்பை மிச்சம் பிடித்தவர், இரண்டு ஐசொலேட்டரையும் ஒரே பூட்டில் சேர்க்க மறந்தால், அந்தக் கடனை வேறு ஒருத்தர் உயிரால் அடைப்பார்.

"அது எலக்ட்ரீஷியன் வேலைப்பா"

இதை நான் கிளாஸில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "மச்சி, நாம என்ஜினியர். லக் போடுறது எலக்ட்ரீஷியன் வேலை. அதையெல்லாம் கத்துக்க எதுக்கு நாலு வருஷம், எதுக்கு இவ்ளோ ஃபீஸ்?"

அவன் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாரும் எல்லாம் செய்ய முடியாது. நான் ஆயிரம் லக் போட்டாலும் அந்த அண்ணன் கை எனக்கு வராது. வரவும் வேண்டாம். அவர் வேலையை நாம் பிடுங்கணும் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கும் நேரம் நியாயமானதா, அவர் கேட்கும் லக் சரியான அளவுதானா என்று புரிந்துகொள்ளும் அளவுக்காவது நம்ம கை அழுக்காகணும் என்கிறேன். சமைக்கத் தெரியாதவர் ஹோட்டல் நடத்தலாம், ஆனால் சோறு வேக எவ்வளவு நேரம் ஆகும் என்றுகூடத் தெரியாமல் ஆர்டர் எடுத்தால் என்ன ஆகும்?

இன்னொரு விஷயம். நம்ம மாநிலத்தில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்குது. பேப்பரில் சின்னதாக அறிவிப்பு வரும். அதை எழுத 21 வயது முடிந்திருக்கணும், வயரிங் தொழிலில் குறைந்தது 5 வருஷ செய்முறை அனுபவம் வேண்டும். கவனிங்க, அது உதவியாளர் ஆவதற்கான தேர்வு. எனக்கும் இப்போது 21 வயது. என் செய்முறை அனுபவம்? முதல் வருஷ ஒர்க் ஷாப்பில் போட்ட ஒரு மாடிப்படி வயரிங், ஒரு டியூப்லைட் கனெக்ஷன். மெஷின்ஸ் லேபில் பேட்ச் கார்டு சொருகியது. அதிலும் பாதி நாள் லேப் அசிஸ்டன்ட் அண்ணனே கனெக்ஷன் பார்த்துச் சரி செய்து வைத்துவிடுவார். அடுத்த வருஷம் எனக்கு வேலை கிடைத்தால், ஐந்து வருஷம் கையால் வேலை செய்தவரிடம் நான் "எதுக்கு இவ்ளோ நேரம்?" என்று கேட்பேன். ஷிப்ட் என்ஜினியர் கேட்டது கெட்ட எண்ணத்தில் இல்லை. அவருக்கும் யாரும் லக் போடக் கொடுத்ததில்லை. நாளைக்கு நானும் அதே இடத்தில்தான் நிற்பேன். எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

சரி, என்ன பண்ணலாம்?

சிலபஸ் மாறணும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மாற வருஷங்கள் ஆகும், அதுக்குள் நாம் பாஸ் ஆகிவிடுவோம். 2022-லிருந்து நான் முதல்வன் திட்டத்தில் என்னென்னவோ கோர்ஸ் படிக்கிறோம், அதில் எத்தனை கோர்ஸ் லேப்டாப் இல்லாமல் செய்ய முடியும் என்று எண்ணிப் பாருங்க. நான் கேட்பது ஒரே ஒரு மத்தியான நேரம்.

ஸ்கிராப் கடையில் ஒரு மீட்டர் பவர் கேபிள் வாங்குவோம். சரியான லக் நாலு, தப்பான லக் ஒன்று. ஒரு கிரிம்பிங் டூல், ஒரு டார்க் ரெஞ்ச், வாடகைக்குக் கிடைக்கும். ஏதாவது ஆலையில் வெட்டி மிச்சமான ரெயில் துண்டு ஒன்று கேட்டால் தருவார்கள். இரண்டு ஜாயின்ட் போடுவோம். ஒன்று ஒழுங்காக, இன்னொன்று வேண்டுமென்றே வாஷரை நடுவில் வைத்துத் தளர்வாக. இரண்டிலும் டி.சி. சோர்ஸிலிருந்து 10 ஆம்பியர் விட்டு, ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் மில்லிவோல்ட் பார்ப்போம். நல்ல ஜாயின்ட்டில் மீட்டர் கிட்டத்தட்ட சைபரிலேயே நிற்கும். 5 மில்லி ஓம் ஜாயின்ட்டில் 50 மில்லிவோல்ட் காட்டும். நம்ம லேப் மல்டிமீட்டரே போதும். அந்த 50-ஐ ஒரு தடவை கண்ணால் பார்த்தவன், அதன் பிறகு சர்க்யூட் டயக்ராமில் கறுப்புப் புள்ளியைப் பழைய மாதிரி பார்க்க மாட்டான்.

சொல்லிக்கொடுக்க யார்? பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கு. எலக்ட்ரீஷியன் ட்ரேடில் இரண்டு வருஷம் கையால் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். சிம்போசியத்துக்குச் சீஃப் கெஸ்ட் கூப்பிட நமக்குத் தெரியும், பொன்னாடை போர்த்தத் தெரியும். ஒரு தடவை அவர்களைக் கூப்பிட்டு, பொன்னாடையை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வோம். நம்ம இரண்டு மாவட்டமே ஒரு லூஸ் கனெக்ஷன் கதைதான்: 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். இங்கே ஒரு என்ஜினியரிங் காலேஜையும் ஒரு ஐ.டி.ஐ.யையும் ஒரு மத்தியானம் சேர்த்து வைக்க முடியாதா?

டிபார்ட்மென்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே நான் இதைப் போட்டுவிட்டேன். ஏழு பேர் தம்ஸ் அப் போட்டிருக்கிறார்கள், ஒருத்தன் "சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்டிருக்கிறான். உண்டு தம்பி, நானே பிரிண்ட் எடுத்துத் தரேன், வா.

இப்போதைக்கு ஒன்று மட்டும். பிளேஸ்மென்ட் ஆகி, சட்டையில் பேட்ஜ் குத்தி, கையில் ஷட்டவுன் பேப்பரோடு நீங்கள் ஏதாவது ஒரு ஷெட்டில் நிற்கிற நாள் வரும். மேலே ஏணியிலிருந்து ஒரு அண்ணன் குரல் கொடுப்பார்: "சார், இன்னும் முக்கால் மணி நேரம் வேணும்." உங்கள் போன் அடித்துக்கொண்டிருக்கும். அப்போது அவரிடம் "எதுக்கு?" என்று கேட்காமல், போனை எடுத்து மேலே இருப்பவரிடம் "சார், முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லுங்கள். ஏன் என்று அவர் கேட்டால், பதில் உங்களிடம் இருக்கணும்.